கரையைக் கடந்த பிறகு: ஃபெஞ்சல் புயலும் சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டமும்

எதைப் பற்றி இந்தப் பதிவு

2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரு நாள் கழித்து, அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 175 கிலோமீட்டர் மேற்கே, ஏற்காடு மலையில் உள்ள ஒரு காபித் தோட்டத்தில் தொழிலாளர் லைனின் (வரிசை வீடுகளின்) பின்புற மண்மேடு சரிந்து மூன்று வீடுகளின் சுவர்களைத் தள்ளியது. அப்போது அந்த வீடுகளில் யாரும் இல்லை. அதற்கு முந்தைய மாலையே அங்கே குடியிருந்தவர்களை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

மாற்றியதற்கு அடிப்படையாக இருந்தது கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் வெளியிடப்படும் கடல் வானிலைத் தகவல்தான். மலைமேல் இருப்பவர்கள் பொதுவாக அதைப் படிப்பதில்லை. யார் அதை எப்படிப் படித்தார்கள், யார் மறுத்தார்கள், கடைசியில் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்பதை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன். நான் சேலத்தில் சில சிறு காபி விவசாயிகளுக்குக் கணக்கு எழுதித் தருபவன். அந்தத் தோட்டத்தின் மழைப் பதிவேட்டையும் சம்பந்தப்பட்டவர்களின் செல்பேசிச் செய்திகளையும் பார்த்தேன், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். பெயர்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

தோட்டமும் ஆட்களும்

அறுபது ஏக்கருக்குச் சற்றுக் குறைவான தோட்டம். சில்வர் ஓக் நிழலில் அரபிகா, மரங்களில் மிளகுக் கொடி. சேர்வராயனின் கிழக்குச் சரிவில், குப்பனூர்ப் பாதைப் பக்கமாக இறங்கும் நிலம். கிழக்குச் சரிவு என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலாளி சேலத்தில் இருக்கிறார். வாரம் ஒரு முறை மேலே போவார். தோட்டத்திலேயே தங்கிப் பார்த்துக்கொள்பவர் ரைட்டர். இருபது வருடத்துக்கும் மேலாக அங்கே இருப்பவர், அந்த நிலத்தில் தண்ணீர் எங்கே ஊறும், எங்கே ஓடும் என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்றாமவர் முதலாளி மனைவியின் தம்பி. சரக்குக் கப்பல்களில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றுச் சேலத்தில் குடியிருக்கிறார். வங்கக் கடலில் சின்னதாக ஒரு சுழற்சி தோன்றினாலும் இரவில் எழுந்து செயற்கைக்கோள் படம் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. வீட்டில் அதைக் கேலி செய்வார்கள்.

லைன் என்பது ஒரே வரிசையில் எட்டு வீடுகள். முந்தைய முதலாளி காலத்தில் சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டியது. பின்சுவருக்கும் வெட்டிய மேட்டுக்கும் இடையே ஆள் நடக்கும் அளவுக்குத்தான் இடைவெளி. ஆறு வீடுகளில் குடும்பங்கள் இருந்தன. இப்படி வெட்டி வைத்த இடத்தில் லைன் கட்டுவது இந்த மலையில் அபூர்வம் இல்லை. சமதளம் கிடைப்பது கஷ்டம், நல்ல சமதளமாக இருந்தால் அது காபி காயவைக்கும் களமாகிவிடும்.

நவம்பர் 23 முதல் 28 வரை

நவம்பர் 23 அன்று தென்கிழக்கு வங்கக் கடலை ஒட்டிய பகுதியில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானது. 25-இல் தாழ்வு மண்டலமானது, மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமானது. இலங்கையின் கிழக்குக் கரையை உரசிக்கொண்டு வடக்கு, வடமேற்காக நகர்ந்தது.

வெப்பமண்டலக் கடலில் இந்தப் பருவத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். புயல் உருவாகக் கடல்மேற்பரப்பின் வெப்பம் 26.5 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், நவம்பரில் தென் வங்கக் கடலில் அதற்குப் பஞ்சமில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஓரளவு, கிட்டத்தட்ட ஐந்து டிகிரி, தள்ளியும் இருக்க வேண்டும். அதற்கும் கீழே பூமியின் சுழற்சி காற்றைப் போதிய அளவு திருப்புவதில்லை. இவை இருந்தாலும் மேல்மட்டக் காற்று ஒரு திசையிலும் கீழ்மட்டக் காற்று வேறு திசையிலும் பலமாக வீசினால் சுழற்சி நிமிர்ந்து நிற்க முடியாது. ஆகவே கடல் சூடாக இருக்கிறது என்பதற்காக எல்லாத் தாழ்வும் புயலாகிவிடாது.

ஃபெஞ்சல் விஷயத்திலும் அந்த இழுபறி நடந்தது. 27-ஆம் தேதியே புயலாகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, ஆகவில்லை. 28-இல் வந்த அறிவிப்பு, அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே 30-ஆம் தேதி காலை காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றது. சேலத்து டீக்கடைகளில் அன்று இதுதான் பேச்சு: வருது வருதுன்னு சொன்னாங்க, எங்கே வந்துச்சு?

தோட்டத்தில் அந்த வாரம் பழம் எடுப்பு சூடு பிடித்திருந்தது. அரபிகா நவம்பரில் பழுக்கத் தொடங்கி ஜனவரி வரை வரும். பழுத்த பழத்தில் கனமழை விழுந்தால் தோல் வெடிக்கும், கொட்டிவிடும். மழைக்கு முன் எடுத்துவிட்டால் செடியில் நஷ்டம் இல்லை, ஆனால் எடுத்த பழத்தை அன்றே பல்பரில் (பழத்தோலை நீக்கும் இயந்திரத்தில்) போட வேண்டும், புளிக்க வைத்துக் கழுவ வேண்டும், அப்புறம் பார்ச்மென்டை, அதாவது மெல்லிய உள்தோலோடு இருக்கும் கொட்டையை, களத்தில் பரப்பி ஒரு வாரத்துக்கு மேல் வெயில் காட்ட வேண்டும். வெயில் இல்லை என்றால் பூஞ்சணம். இரண்டு பக்கமும் இடி.

28-ஆம் தேதி மாலை முதலாளி எடுத்த முடிவு: புயல் இல்லை என்பதால் மறுநாள் முழு ஆளையும் இறக்கிப் பழுத்ததெல்லாம் எடுத்துவிடுவது. கேப்டன் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. மழை வரும் என்றுதான் அவரும் நினைத்தார், எனவே எடுப்பது சரி. அவர் கேட்டது இரண்டுதான். வடிகால்களில் இலையும் மண்ணும் அடைத்திருக்கும், 29-லேயே நாலு பேரை விட்டு அள்ளிவிட வேண்டும். காய்ந்த பார்ச்மென்ட் மூட்டைகளைச் சனிக்கிழமைக்குள் கீழே இறக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முதல் வேலைக்குப் பாதி ஆள் கிடைத்தது. லாரி கிடைக்கவில்லை.

நவம்பர் 29, 30

29 வெள்ளிக்கிழமை பிற்பகல் அது புயலாக வலுப்பெற்றது, சவூதி அரேபியா முன்மொழிந்திருந்த ஃபெஞ்சல் என்ற பெயரும் வந்தது. கடலோரத் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. சனிக்கிழமை சென்னை விமான நிலையம் மூடப்பட்டது.

இந்த இடத்தில் கேப்டன் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் பெரிதாக வந்தவை மெரினா அலையும் காற்றின் வேகமும். அவர் பார்த்தது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிக்கைகள். வட இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் புயல் அறிக்கை தருவது டெல்லியில் உள்ள மண்டலச் சிறப்பு வானிலை மையம்தான். புயல் நிலையில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை வரும். அதில் மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடந்த சில மணி நேரத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது என்பதெல்லாம் இருக்கும். அவர் அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

“கப்பல்காரனுக்குப் புயல்ல ரெண்டு வேகம் இருக்கு” என்று என்னிடம் விளக்கினார். “சுத்துற வேகம் ஒண்ணு, நகர்ற வேகம் ஒண்ணு. டி.வி.யில முதலாவதைத்தான் சொல்லுவாங்க.”

தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற படிநிலை எல்லாம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான்: 17 முதல் 27 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வரை முதலாவது, 28 முதல் 33 வரை இரண்டாவது, 34-ஐத் தொட்டால் புயல். மழைக்கும் இந்தப் படிநிலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மழையளவை மதிப்பிடப் பழைய வானிலையாளர்களிடம் கிராஃப்ட் விதி என்று ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. 100 என்ற எண்ணைப் புயல் நகரும் வேகத்தால், அதாவது நாட் கணக்கால், வகுத்தால் அதன் பாதையில் பெய்யக்கூடிய அதிகபட்ச மழை இஞ்சில் கிடைக்கும். பத்து நாட் வேகத்தில் போனால் பத்து இஞ்ச். ஐந்து நாட் என்றால் இருபது. அந்தக் கணக்கில் காற்றின் பலம் எங்கேயும் வருவதில்லை. ஒரே குடத்துத் தண்ணீரைத் தெரு முழுக்க நடந்துகொண்டே ஊற்றுவதற்கும் ஒரே வாசலில் நின்று ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தோராயமான விதி இது, வேகம் பூச்சியத்தை நெருங்கினால் அர்த்தமில்லாத எண்ணைத் தரும். அதை அவரும் ஒத்துக்கொள்கிறார். ஆனால் காபித் தோட்டக்காரர்களுக்கு இந்த விதி எளிதில் பிடிபட ஒரு காரணம் இருந்தது. இந்த மலையில் இன்றும் பல தோட்டங்களில் மழையை இஞ்சிலும் சென்டிலும்தான் எழுதுகிறார்கள். நூறு சென்ட் ஓர் இஞ்ச்.

30-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையில் புயல் கரையைக் கடந்தது. ஏற்காட்டில் அன்று பகலில் தூறல், இரவில் நிதானமான மழை, காற்று பெரிதாக இல்லை. முதலாளி நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னார்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலை எட்டரைக்கு ரைட்டர் மழைமானியைப் பார்த்தார். ஐந்தரை இஞ்சுக்கு மேல். “நிதானமான” மழை அவ்வளவு ஊற்றியிருந்தது. புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் நிலைமை வேறு அளவில் இருந்தது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது.

அன்று காலை முதல் வந்த அறிக்கைகளில் கேப்டன் கண்ட விஷயம் ஒன்றே: மையம் நகரவில்லை. கரையைக் கடந்த புயல் சாதாரணமாக உள்ளே நகர்ந்து கலைந்துபோகும். இது புதுச்சேரி அருகிலேயே கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. புயலைத் தள்ளிக்கொண்டு போவது அதைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம். அந்தக் காற்றோட்டம் எந்தப் பக்கமும் அழுத்தமாகத் தள்ளாதபோது புயல் இப்படி நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்கு அருகே கடலில் தயங்கி நின்றபோது நகரம் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம்.

அவர் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். புதுச்சேரியும் ஏற்காடும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 12 டிகிரிக்குச் சற்றே கீழே, இருக்கின்றன. இடையே சுமார் 95 கடல் மைல். அறிக்கைகளின்படி அந்த அமைப்பு மெல்ல மேற்கே நகர்ந்து அரபிக் கடல் பக்கம் போக வேண்டும். அப்படியானால் வழியில் சேர்வராயன். நகர ஆரம்பித்தாலும் மூன்று, நான்கு நாட் வேகத்துக்கு மேல் போகாது என்று கணக்கிட்டார். கிராஃப்ட் விதிப்படி அது 25 இஞ்சுக்கு மேல். நிலத்தில் அதன் ஈரம் குறையும் என்று பாதியாக்கி, இன்னும் கொஞ்சம் தள்ளி, பத்து இஞ்ச் என்று வைத்துக்கொண்டார்.

இதோடு மலை சேர்கிறது. வடகோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும், எனவே மையத்துக்கு வடக்கே காற்று கிழக்கிலிருந்து வரும், கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு. அந்தக் காற்றின் வழியில் ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் என்று மலைகள் குறுக்கே நிற்கின்றன. மலையேறும் காற்று குளிர்ந்து ஈரத்தைக் கொட்டும். கிழக்குச் சரிவில் கூடுதலாகக் கொட்டும்.

முற்பகலில் அவர் முதலாளியை அழைத்தார். முதலாளி சொன்ன பதில் அப்போது சேலத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததுதான்: புயல் கரையேறிவிட்டது, வலு குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் என்ன? செய்தியும் அதையே சொன்னது. அன்று நண்பகலுக்குள் அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுவிழந்துவிட்டது. உள் மாவட்டங்களுக்கு மழை எச்சரிக்கையும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வீட்டுக்கூடத்தில் காதில் விழுந்தது முதல் செய்திதான்.

முதலாளிக்கு வேறு திட்டம் இருந்தது. ஒருவழியாக லாரி கிடைத்திருந்தது. பிற்பகலில் மேலே அனுப்பி மூட்டைகளை ஏற்றிச் சேலத்துக்கு இறக்கிவிட்டால் ஈரத்திலிருந்து சரக்கு தப்பும் என்று நினைத்தார்.

மலையில் ரைட்டர் பார்த்தது இது. லைனுக்குப் பின்னால் உள்ள மேட்டில் எப்போதும் மழைக்காலத்தில் ஓர் ஊற்று கசியும், தெளிந்த தண்ணீர். அன்று மதியம் அது செம்மண் நிறத்தில் வந்தது. மேட்டின் உச்சியில் நின்ற ஒரு சில்வர் ஓக் சாய்ந்திருந்ததாக ஒரு பெண் தொழிலாளி வந்து சொன்னார். ரைட்டர் ஏறிப் பார்த்தார். மரம் முன்பே அப்படித்தான் இருந்ததா என்பதில் அவருக்குச் சந்தேகம். ஆனால் மரத்தடியிலிருந்து இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) தள்ளி மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அதில் சந்தேகம் இல்லை. மழை பெய்யும்போது மண் வெடிப்பது வறட்சி வெடிப்பு ஆகாது.

மதியம் மூன்று மணி வாக்கில் மூவரும் ஒரே அழைப்பில் பேசினார்கள். ரைட்டர் ஆட்களை லைனிலிருந்து மாற்ற வேண்டும் என்றார். எங்கே? குடோனில் மூட்டைகள். பல்பர் கொட்டகையில் கூரை ஒழுகல். மிச்சம் இருந்தது முதலாளியின் பங்களா. வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடப்பது. அதைக் கேட்க ரைட்டர் தயங்கினார், கொடுக்க முதலாளி தயங்கினார். நான் பேசியபோது இருவருமே இதை நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் செய்திகளின் நேரத்தைப் பார்த்தால் அந்தத் தயக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது. மழையளவு, நகரும் வேகம் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகும் மீதி நின்றது இந்தச் சாவி விவகாரம்தான். பேரிடர் மேலாண்மை என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை.

“மாமா, இது நம்ம அட்சரேகையிலயே நிக்குது. காத்து போயிடுச்சு, தண்ணி போகலை. அந்தத் தண்ணி வர்ற வழியில நாமதான் இருக்கோம்” என்றார் கேப்டன். “இப்ப மானியில எவ்வளவுன்னு ரைட்டரைக் கேளுங்க.”

காலை எட்டரையிலிருந்து மூன்று இஞ்சுக்கு மேல் என்றார் ரைட்டர். காலையில் ஐந்தரை, அதன் மேல் இது. முதலாளி, “சரி, திறந்துவிடுங்க. பிள்ளைகளை ஹால்ல படுக்க வையுங்க” என்றார்.

லாரியையும் நிறுத்தினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் மண் ஊறிய நேரத்தில், இருட்டும் வேளையில், பாரம் ஏற்றி இறக்குவதற்கு ஓட்டுநரே விருப்பப்படவில்லை. சரக்கு நனைந்தால் நனையட்டும் என்று மூட்டைகளைக் குடோனுக்குள்ளேயே பலகை போட்டு உயரத்தில் அடுக்கித் தார்ப்பாய் மூடினார்கள்.

லைனில் எதிர்ப்பு இருந்தது. ஆடுகளை என்ன செய்வது, அடுப்பு எங்கே மூட்டுவது, பங்களாவில் கால் வைத்தால் நாளைக்கு ஏதாவது காணோம் என்று பேச்சு வருமோ. கடைசிக் கேள்வியை ஒரு மூதாட்டி வெளிப்படையாகவே கேட்டாராம். ரைட்டர் தன் குடும்பத்தையும் பங்களாவுக்கே கூட்டிவந்தார், அதன் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஆடுகளைக் களத்துக் கொட்டகையில் கட்டினார்கள். ஆறு மணிக்குள் லைன் காலி.

அன்றிரவு

ஏழு மணி வாக்கில் மின்சாரம் போனது. ஒன்பதுக்கு மேல் செல்பேசிக்கு சிக்னல் இல்லை. அதாவது அதற்குப் பிறகு கடலிலிருந்து எந்தத் தகவல் வந்திருந்தாலும் மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கேப்டன் நள்ளிரவு வரை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மேடு எப்போது சரிந்தது என்று யாருக்கும் துல்லியமாகத் தெரியவில்லை. இரண்டு மணி இருக்கும் என்று ரைட்டர் நினைக்கிறார். மழைச் சத்தத்தில் அது தனியாகக் கேட்கவில்லை. விடிந்து பார்த்தபோது அந்தச் சில்வர் ஓக் ஐந்தாவது வீட்டின் ஓட்டுக் கூரைமேல் கிடந்தது. நான்கு, ஐந்து, ஆறாவது வீடுகளின் பின்சுவர் உள்ளே விழுந்து இடுப்பளவு சேறு. மற்ற வீடுகளில் முழங்கால் அளவு.

விளைவுகள்

டிசம்பர் 2 காலை எட்டரைக்கு முடிந்த 24 மணி நேரத்தில் ஏற்காட்டில் பதிவான மழை சுமார் 24 சென்டிமீட்டர். 20.45 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை என்பது வானிலைத் துறையின் வரையறை. தோட்டத்து மானி ஒன்பது இஞ்சைத் தாண்டியிருந்தது, இரண்டு நாளும் சேர்த்தால் பதினைந்து வரும். கேப்டன் சொன்னது பத்து. அதே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்து, நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. சேலத்தில் திருமணிமுத்தாறு கரைமீறி ஓடியது. ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இவ்வளவும் நடந்தபோது அந்த அமைப்பு புயலாக இல்லை. மறுநாள் அரபிக் கடலை அடையும் முன் வெறும் தாழ்வுப் பகுதியாகியிருந்தது.

ஆட்களுக்குக் காயம் இல்லை. ஆடு ஒன்று காணாமல் போனது. பாத்திரம், துணிமணி, பள்ளிப் புத்தகங்கள், ரேஷன் அட்டைகள் சேற்றில் போயின. அட்டைகளைப் புதிதாக வாங்க அந்தக் குடும்பங்கள் அலைந்த அலைச்சல் தனிக் கதை. மாற்றும்போது “முக்கியமான காகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒருவரும் சொல்லவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. ஒரு இரவுதானே என்று போர்வையோடு வந்தார்கள்.

காபியைப் பொறுத்தவரை 29-ஆம் தேதி எடுத்த முடிவு பாதி பலித்தது. அன்று எடுத்த பழம் பல்பர் ஆகிவிட்டது, ஆனால் காயவைக்க வெயில் இல்லை. கழுவிய பார்ச்மென்டை அப்படியே குவித்து வைத்தால் இரண்டு நாளில் நாற்றம் வந்துவிடும். ரைட்டர் அதைத் தொட்டியில் சுத்தமான தண்ணீரில் மூழ்க வைத்துத் தினம் நீரை மாற்றினார். இதற்குத் தோட்டத்தில் தண்ணீர் இருந்தது, பெய்த மழையே போதும். வெயில் வந்த பிறகு களத்தில் பரப்பியதில் பெரும்பகுதி தேறியது, கொஞ்சம் நிறம் மங்கி விலை குறைந்தது. செடியில் விட்ட பழம் வெடித்துக் கொட்டியது. குடோனில் பலகைமேல் அடுக்கிய மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரியில் ஏற்றியிருந்தால் அவை எந்த வளைவில் நின்றிருக்கும் என்று இப்போது முதலாளி சிரித்துக்கொண்டே கேட்கிறார். அன்று சிரிக்கவில்லை.

முடிவைச் சாத்தியமாக்கியது எது

கேப்டனின் கணக்கு மட்டும் இருந்திருந்தால் முதலாளி ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்பது என் கருத்து. கேப்டன் எந்தச் சுழற்சிக்கும் பதறுபவர் என்ற பெயர் வீட்டில் இருந்தது. ரைட்டரின் செம்மண் ஊற்று மட்டும் இருந்திருந்தாலும், மழை நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளியிருப்பார்கள். கடலில் இருந்து வந்த தகவல் மழை இன்னும் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்றது, மண் இதுவரை பெய்ததே அதிகம் என்றது. இரண்டும் ஒரே தொலைபேசி அழைப்பில் சந்தித்தன.

முன்கணிப்பு தவறிவிட்டது என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புயல் எப்போது வலுப்பெறும் என்பதில் இழுபறி இருந்தது உண்மை. கடலோடிகள் அந்த இழுபறியை எதிர்பார்த்துத்தான் நடக்கிறார்கள். ஒரு நாள் முன்கணிப்புக்கு 100 கடல் மைல், இரண்டு நாளுக்கு 200, மூன்று நாளுக்கு 300 என்று கூடுதலாக ஒதுங்கிப் போவது அவர்களிடம் உள்ள ஒரு வழக்கம். அந்தக் கணக்கில் பார்த்தால் புதுச்சேரியிலிருந்து 95 மைலில் உள்ள ஏற்காடு முதல் நாளிலிருந்தே வட்டத்துக்குள்தான் இருந்தது.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

இப்போது ரைட்டரின் மழைப் பதிவேட்டில் மழையளவுக்கு அடுத்து இன்னொரு பத்தி இருக்கிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும் நாட்களில் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, நகரும் வேகத்தை அதில் எழுதுகிறார். புயலா இல்லையா என்பதை எழுத இடம் விடவில்லை, வேண்டுமென்றேதான். அந்த நாட்களில் மானியை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள்.

ஆட்களை மாற்றுவதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை: அமைப்பு 11 முதல் 13 டிகிரிக்குள் கரையேறுகிறது, அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளில் அதே இடத்தில் நிற்கிறது, மானியில் ஒரு நாளில் நான்கு இஞ்ச் தாண்டியது. மூன்றில் இரண்டு இருந்தால் மாலை நான்கு மணிக்குள் காலி செய்வது, சிக்னல் இருக்கும்போதே. ஊற்று கலங்கினால் எதற்கும் காத்திருப்பதில்லை. முதலாளியைக் கேட்கவும் தேவையில்லை, பங்களா சாவி ஒன்று ரைட்டரிடமே இருக்கும். நான்கு இஞ்ச் என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ரைட்டரின் அனுபவத்திலிருந்து வந்தது. மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் அதற்குக் குறைவான மழையிலேயே சரியும், ஆகவே அந்த எண்ணை அப்படியே மற்ற தோட்டங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வடிகால் அள்ளும் வேலையை அக்டோபருக்கு மாற்றியிருக்கிறார்கள். நவம்பர் 29-இல் பாதி மட்டும் அள்ளிய வடிகாலின் மீதிப் பாதி, லைனுக்கு மேலே இருந்த பகுதி. சரிவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று ரைட்டர் சொல்கிறார். முதலாளி அதை ஏற்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் இன்னொரு தாழ்வுப் பகுதி வந்தது. அது மன்னார் வளைகுடாப் பக்கமாகப் போய்த் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. லைனில் பாதிப்பேர் அன்றே மூட்டை கட்டித் தயாராக இருந்தார்கள், ரேஷன் அட்டை முதல் மூட்டையில். ரைட்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, பாதை தெற்கே இருக்கிறது, நகர்ந்துகொண்டும் இருக்கிறது, மாற வேண்டாம் என்றார். சிலர் கேட்கவில்லை, பங்களா வராந்தாவில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அவரும் தடுக்கவில்லை.

லைனை வேறு இடத்தில் கட்டுவது இன்னும் முடிவாகவில்லை. முதலாளி ஒதுக்கிய இடம் ஓடைக்கு அருகே இருக்கிறது என்று ரைட்டர் மறுத்திருக்கிறார். ரைட்டர் சொல்லும் இடம் இப்போது களமாக இருக்கிறது.